ஊத்தப்பத்தின் நடுப்பாகம்

தென்காசியிலிருந்து மேலகரம் தாண்டி, குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த அந்தக் காப்பி கிளப்பைப் பற்றி யாராவது சப்புக் கொட்டிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கிளப் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஏதாவது கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பெரியவர், "அந்தக் கிளப்பு சட்டி ஊத்தப்பம் மாதிரி வருமா?" என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் உடனே கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

கிளப் என்றால் சீட்டாடுகிற இடம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடாது. காப்பியும் பலகாரமும் போடுகிற ஓட்டலுக்கு அப்போது எங்கள் பக்கம் அதுதான் பேர். தகரக் கூரை, உள்ளே நாலைந்து பெஞ்சு, வாசலிலேயே அடுப்பு. மற்ற கிளப்களில் ஊத்தப்பம் தோசைக் கல்லில் வார்ப்பார்கள். இங்கே அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, மாவை இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மேலே சின்ன வெங்காயத்தைக் கொட்டி, தகரத் தட்டால் மூடி, அந்தத் தட்டின்மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போடுவார்கள். கீழேயும் தீ, மேலேயும் தீ. எடுத்து இலையில் கவிழ்த்தால் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக முறுகி இருக்கும். அதை நாலாக வெட்டி, மேலே சாம்பாரை ஊற்றிக் கொடுப்பார்கள். ஒன்றைத் தின்றால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஒரு நாளும் வேண்டாமல் இருந்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு அரிசிக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. வீட்டில் மாமியார் இருந்தார், பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த கொழுந்தன் இருந்தான். பிறந்த வீட்டில் என் சமையலுக்கு நல்ல பேர். விசேஷ வீடுகளில் மாவுப் பக்குவம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையைச் சீர்வரிசையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். வந்த இடத்தில் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. என் கையால் போட்டதைத் தின்றுவிட்டு அந்த மனுஷன் ஒரு தடவை 'நல்லாருக்கு' என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். இது பேராசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

சாரல் தொடங்கிவிட்டால் அவரும் கூட்டாளிகளும் விடியுமுன்னே எண்ணெய்க் கிண்ணத்தோடு குற்றாலத்துக்கு நடந்துவிடுவார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் போய் நின்றால், பல் கிட்டுகிற வரைக்கும் வெளியே வர மாட்டார்கள். பிறகு ஈரத் தலையோடு, சாரலில் நனைந்துகொண்டே நடந்து அந்தக் கிளப்புக்குள் நுழைவார்கள். வீட்டுக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும். சாயங்காலம் கடைப் பலகையில் உட்கார்ந்து மறுபடியும் அதையே வாயால் தின்பார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டே அவ்வளவையும் நான் கேட்பேன். ஒருத்தர், ருசியெல்லாம் அடி முறுகலில்தான் இருக்கிறது என்பார். இன்னொருத்தர், ஊத்தப்பமாவது மண்ணாங்கட்டியாவது, அது சாம்பாருக்காகச் சாப்பிடுகிறது என்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், குற்றாலத்து மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் தண்ணீரில் இறங்கி, அந்தத் தண்ணீரில் மாவை ஆட்டுவதால்தான் அந்த மணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் மேலே ஒரு படி. கடைசியில் அவர் வாயைத் திறந்தால் தீர்ப்பு.

"வேய், அதெல்லாம் ஒண்ணுங் கிடையாது. நாக்கு உள்ளவனுக்குத்தான் தெரியும். நடுவுல ஒரு பதம் இருக்கு பாத்தீரா, மெத்துனு? அந்தப் பதம் வீட்டுல பொம்பளைகளுக்கு வராது."

ஜவுளிக் கடைக்காரர் ஒருத்தர் அவருக்கு உயிர்க் கூட்டாளி. அவர் மட்டும், "தங்கச்சி கைப்பக்குவமும் நல்லாத்தான இருக்கு வேய்" என்று இழுப்பார். அதற்கு என் வீட்டுக்காரர் பதில்கூடச் சொல்ல மாட்டார். கனைப்பார். அந்தக் கனைப்பு கதவைத் தாண்டி வந்து என் முதுகில் விழும்.

இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் பெண்கள் கிளப் வாசலை மிதிக்க மாட்டார்கள். நாலு பேர் பார்க்கப் பெஞ்சில் உட்கார்ந்து தின்கிற பொம்பளை என்று பேர் வாங்கிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் யோசிப்பார்கள், கொடுக்கவும் யோசிப்பார்கள். எப்போதாவது அவர் மாமியாருக்கு ஒன்று பொட்டலம் கட்டி வாங்கி வருவார். மாமியார் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளுவார். மேலகரத்திலிருந்து நடந்து வந்த பொட்டலம், ஆறிப்போய் நார் மாதிரி இழுபடும். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. விரலை வைத்தால் ஒட்டும். எங்கள் ஊரில் அதற்கு வேகாத மாவு என்று பேர். ஒரு தடவை பயந்து பயந்து கேட்டேன்.

"ஏங்க, நடுவுல மாவு வேகலையே?"

"ஆறிப்போனதத் தின்னுட்டுப் பேசாத. சூடாத் தின்னு பாத்தாத் தெரியும்."

சூடாகத் தின்னப் பெஞ்சில் உட்கார வேண்டும். உட்காரக் கூடாது. ஆகவே எனக்கு அபிப்பிராயமும் கூடாது. எவ்வளவு சௌகரியமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நான் விடவில்லை. பாவூர்சத்திரம் சந்தைக்குப் போன அப்பாவிடம் சொல்லி, அடி கனமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கி வரச் செய்தேன். கதவுக்குப் பின்னால் காதில் விழுந்த அபிப்பிராயம் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். அடி முறுகல்தான் ருசி என்றார்களா, விறகைத் தள்ளித் தீயை ஏற்றினேன். தீய்ந்தது. புளிப்புதான் ருசி என்றார்களா, மாவை இரண்டு நாள் வைத்தேன். மாமியாருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூலிகைத் தண்ணீர் என்றார்களே, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வாத்தியார் பேச்சை நம்பி, அருவிக்குப் போன கொழுந்தனிடம் ஒரு தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பி அந்தத் தண்ணீரிலும் மாவு ஆட்டினேன். இலையில் வைத்ததும் அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடுவார். கூரையைப் பார்ப்பார். பிறகு சாம்பாரை நிறைய ஊற்றச் சொல்வார்.

"கிளப்புல போடுத மாதிரி வரல."

எத்தனை தடவை கேட்டிருப்பேன் இந்த வாக்கியத்தை! கொழுந்தன் மட்டும் சத்தம் போடாமல் இரண்டு தின்றுவிட்டு, "மதினி, இன்னொண்ணு இருக்கா?" என்பான். ஆனால் மீசை முளைக்காத பயல் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை? என் சொல்லுக்கு இருந்த அதே மரியாதைதான்.

கடைசியில் ஒரு நாள் எனக்கு ஒரு குரூரமான யோசனை வந்தது. பொட்டலத்தில் பார்த்த அந்த வெள்ளைக் கோடு ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே சட்டியை முன்னதாகவே இறக்கினேன். அடி சிவந்திருந்தது, மேலே வெங்காயம் வதங்கியிருந்தது, நடு வேகவில்லை. மாவை வேகவைக்காமல் புருஷனுக்குப் போடுகிறோமே என்று கை கூசியது. அவர் பிய்த்தார். மென்றார். கூரையைப் பார்த்தார். சாம்பார் கேட்கவில்லை.

"இன்னைக்குத்தான் கொஞ்சம் கிட்ட வந்துருக்கு" என்றார்.

அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது. வேகாத மாவைக் கொடுத்து வாங்கின பாராட்டு. அதுவும் 'கொஞ்சம்', அதுவும் 'கிட்ட'.

அடுத்த சீசனில் அந்தக் கிளப்பில் ஓரமாக ஒரு தட்டி கட்டி, பேமிலி ரூம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வருகிற குடும்பங்கள் சாப்பிட இடம் வேண்டுமே. வெளியூர்க்காரப் பெண்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டுக் கட்டுப்பாடும் கொஞ்சம் தளர்ந்தது. குத்துக்கல்வலசையில் கட்டிக் கொடுத்திருந்த நாத்தனாரும் வந்து சேர, எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். எனக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. இந்தப் பாழாய்ப்போன ஊத்தப்பத்தைக் கடைசியில் சூடாகப் பார்க்கப் போகிறேன்!

அருவிக்குப் போகிற குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் குளிக்கும்போது ஒருத்தி துணிமணிக்கும் நகைக்கும் காவலாகப் பாறையில் உட்கார வேண்டும். அந்த ஒருத்தி எப்போதுமே வீட்டுக்கு வந்த மருமகள்தான். கழற்றின சங்கிலியையும் வளையலையும் மடியில் முடிந்துகொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். என்மேல் சாரல்தான் விழுந்தது. மாமியாரும் நாத்தனாரும் பெண்கள் பக்கத்தில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டு குளித்தார்கள். திரும்பி வந்தபோது உதடெல்லாம் நீலம் பூத்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. "நீயும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாயேன்" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பசிக்கிறது, வண்டியைக் கட்டு என்றார்கள்.

எனக்குப் பசியில்லை. காலையில் எல்லாருக்கும் இட்லி அவித்துப் போட்டு, மிஞ்சினதை வீணாக்கக் கூடாதென்று நான்தான் தின்றிருந்தேன்.

தட்டிக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரரும் அன்றைக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தார். அந்த ருசியை எனக்குக் காட்டித் தர வேண்டுமாம். ஊத்தப்பம் வந்தது. ஆவி பறந்தது, வெங்காய வாசனை மூக்கைத் துளைத்தது. ஆசையோடுதான் பிய்த்தேன். அடி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நடுவுக்கு வந்ததும் பல்லில் ஒட்டியது. அதே மாவு. ஆறினாலும் வேகவில்லை, சூடாக இருந்தாலும் வேகவில்லை. ஆப்பச் சோடாவின் கசப்பு நாக்கில் நின்றது. நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். மாமியார் விரலை நக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லார் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. ஐஸ் மாதிரித் தண்ணீரில் அத்தனை நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் பசி வயிற்றில் மட்டுமா இருக்கும்? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பசிக்கும். அந்தப் பசிக்குச் சூடாக எதை வைத்தாலும் அமிர்தம். ஊர் ஆம்பிளைகள் இத்தனை வருஷமாக அருவியின் ருசியைக் கிளப்புக்காரன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அருவியில் நனையாத தலை என்னுடையது ஒன்றுதான். அதனால் எனக்கு மட்டும் ஊத்தப்பத்தின் ருசி தெரிந்தது.

"எப்படி இருக்கு? இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று அவர் கேட்டார்.

கேட்டாரே என்று நானும் சொல்லித் தொலைத்தேன். "அடி நல்லாருக்கு. நடுவுல மாவு வேகல. சோடா ஜாஸ்தி."

நாத்தனார் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏட்டி, ஊரே வந்து திங்குது. மெட்ராஸ்காரன் கார் போட்டு வந்து திங்குதான். நீ வந்து குத்தம் சொல்லுதியா? ஒனக்குச் சுட வரலேங்குத வயித்தெரிச்சலுல்லா பேசுது!"

தட்டிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு விழுங்கினேன். வீணாக்கினேன் என்கிற பேரும் எதற்கு?

அதற்குப் பிறகு நான் கிளப்பைப் போலச் செய்கிறதை விட்டுவிட்டேன். என் வழியில் செய்தேன். ஊத்தப்பம் தடிமனாக இருந்தால் நடு வேகாது; அதற்கு மருந்து எங்கள் வீட்டு அடையிலேயே இருந்தது. மாவை ஊற்றி, மேல்பக்கம் கொஞ்சம் இறுகினதும், கரண்டிக் காம்பால் நட்டநடுவில் ஒரு ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விட்டேன். எண்ணெய் அடிவரை இறங்கி நடுவை உள்ளிருந்தே வேகவைத்தது. தட்டின்மேல் கங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். சோடா இல்லை. உளுந்தை மட்டும் கூட்டி, மாவு பொங்குகிற வரை காத்திருந்தேன். வெட்டிப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரை தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்கும். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அவர் அதையும் தின்றார். "கிளப்புல ஓட்டையெல்லாம் போட மாட்டான்" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் பிறந்தார்கள். கொழுந்தனுக்கு மீசை முளைத்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாசம். ஐந்தருவிக்குப் போகலாமென்று கிளம்பினோம். ஜவுளிக் கடைக்காரரும் எங்களோடு வந்தார். பிள்ளைகளுக்குப் பசி தாங்காதே என்று விடியற்காலையிலேயே எழுந்து சட்டி ஊத்தப்பம் சுட்டு, வாழையிலையில் சுற்றி, பித்தளைத் தூக்கில் அடுக்கி, மேலே கனத்த துணியைக் கட்டி எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு எப்படியும் கிளப்தானே. ஆம்பிளைகள் குளிக்கப் போனதும், சைக்கிளில் வந்திருந்த கொழுந்தன் மேலகரத்துக்குப் பலகாரம் வாங்கப் போனான்.

போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "கிளப்பு அடைச்சுக் கெடக்கு மதினி. அவுக வீட்டுல துஷ்டியாம்" என்றான். முதலாளி வீட்டில் சாவு. அவன் தலையைச் சொறிந்தான். அண்ணன் பசியோடு வந்து நிற்பார், கத்துவார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தூக்கைத் திறந்தான். உள்ளே இன்னும் சூடு இருந்தது. எதிரே இருந்த காப்பிக் கடையில் கொஞ்சம் சட்னியும் சாம்பாரும் வாங்கி வந்தான். இலையை விரித்து, நாலாக வெட்டி வைத்தான். கிளப் மூடியிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இது வீட்டு ஊத்தப்பம் என்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். என் கை தானாக நின்றுவிட்டது.

குளித்த ஆம்பிளைகள் நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். கூரை இல்லை, ஆகாயத்தைப் பார்த்தார். அடுத்த துண்டு. அதற்கடுத்தது. பிறகு ஜவுளிக் கடைக்காரரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வேய், இத்தன வருசமாத் திங்கோம், இன்னைக்குப் போட்டுருக்கான் பாரும்! நடுவுல ஓட்டை போட்டு எண்ண விட்டுருக்கான். அங்கனதான் இருக்கு சூட்சுமம். பஞ்சு மாதிரில்லா வெந்துருக்கு. இதாம்வேய் ஊத்தப்பம். ரொம்ப நல்லாருக்கு."

ரொம்ப நல்லாருக்கு. நான் கேட்க ஏங்கினது ஒரு 'நல்லாருக்கு'. வந்தது 'ரொம்ப'வும் சேர்ந்து. அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐந்தருவியும் என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. பேசாமல் அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அந்தச் சந்தோஷமாவது எனக்கென்று மிஞ்சியிருக்கும்.

கொழுந்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, கிளப்பு இன்னைக்கு அடைப்பு. இது மதினி சுட்டது."

அவர் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "வெளையாடாதலே" என்றார். கொழுந்தன் பித்தளைத் தூக்கைத் தூக்கிக் காட்டினான். ஜவுளிக் கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீயாம்மா சுட்ட? பிரமாதம்மா!" என்று மனசாரச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்ன சொல்லுவார்? சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாதே!

கையில் இருந்த துண்டை இலையிலேயே போட்டார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"அதான பாத்தேன்" என்றார். "உப்புக் கொறவாத்தான் இருந்துது."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். இலையில் பாதி அப்படியே கிடந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வரை வண்டியில் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் மட்டும் பேசினார்.

சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதை வைத்துச் சண்டை போடுவது? உப்புக் குறைவு என்கிற மனுஷனிடம் உப்புச் சரியாக இருந்தது என்றா? ஊத்தப்பம் நன்றாயில்லை என்பதல்ல, நான் சுட்டேன் என்பதுதான் அதன் குறை. அதற்கு எந்தப் பக்குவமும் கிடையாது. அன்றைக்கே அது எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் என்ன இருந்தாலும் வாயில் போட்டது போட்டதுதான், மனசுக்குள்ளாவது அவருக்குத் தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலும் கொஞ்ச காலம்தான்.

கொழுந்தனுக்குக் கோயமுத்தூரில் மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அறுபதுகளின் கடைசியில் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முடிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜவுளிக் கடைக்காரரும் பந்தியில் இருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். குற்றாலத்துச் சீசனைப் பற்றிப் பேச்சு வந்தது. உடனே கிளப் வந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சாப்பிட்டதுலயே ஒசத்தினா ஒரு தடவ ஐந்தருவியில வச்சுத் தின்னது. என் தம்பி சைக்கிள்ல போயி வாங்கியாந்தான். அன்னைக்கு மாஸ்டருக்கு என்ன தோணிச்சோ, நட்டநடுவுல ஓட்டை போட்டு எண்ண விட்டுச் சுட்டுருந்தான். பஞ்சு! அதுமாரி அப்புறம் அவனுக்கே வரல. இவுககூட இருந்தாக, கேட்டுப் பாருங்க" என்று ஜவுளிக் கடைக்காரரைக் காட்டினார்.

எனக்குக் கையிலிருந்த சாம்பார் வாளி கனத்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைத் திறக்கக் கூடாதென்று தெரியும். திறந்துவிட்டேன்.

"அன்னைக்குக் கிளப்பு அடைச்சில்லா கிடந்துது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கிளப்பப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்? நீ சாம்பார ஊத்து."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். ஜவுளிக் கடைக்காரர் என்னைப் பார்க்காமல், இலையில் இருந்த சோற்றைக் குழிபறித்து வைத்துக்கொண்டார். நான் அதில் சாம்பாரை ஊற்றினேன்.

அவர் வீம்புக்காகப் பொய் சொல்லியிருந்தால் நான் பொறுத்துப்போயிருப்பேன். அந்த முகத்தை அத்தனை வருஷம் பார்த்தவள் நான். பொய் சொன்னால் அவருக்கு இமை துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது.